மனக்காயத்துக்குக் கண் அசைவு சிகிச்சை: செல்வதற்கு முன்பும், நடக்கும்போதும், பின்பும்

விபத்து, குடும்ப வன்முறை, பாலியல் தாக்குதல், இயற்கைப் பேரிடர், போர் போன்றவற்றில் இருந்து உயிர் தப்பியவர்களில் பெரும்பாலானோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ மெல்ல மெல்ல இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்கு அது நடப்பதில்லை. எல்லாம் முடிந்துபோய்விட்டது என்று அறிவுக்குத் தெரிந்தாலும் உடல் அதை ஏற்க மறுக்கிறது. ஓர் ஒலியோ, ஒரு வாசனையோ, ஒரு தெருமுனையோ போதும். நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, அன்று கண்ட காட்சி மீண்டும் கண்முன் ஓடுகிறது. இத்தகையவர்களுக்காக உருவானதுதான் இ.எம்.டி.ஆர். எனப்படும் கண் அசைவு சிகிச்சை. அதை நாடிச் செல்ல நினைப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக நிற்கும் குடும்பத்தினருக்கும் பயன்படும் வகையில் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சிகிச்சையைப் பற்றி இணையத்தில் தேடுபவர்களின் கண்ணில் முதலில் படுபவை, திரையில் இடமும் வலமுமாக ஓடும் ஒளிப்புள்ளிக் காணொளிகள்தான். அவற்றைப் பார்த்துவிட்டு, மோசமான நினைவை மனத்தில் நிறுத்தி, புள்ளியைக் கண்ணால் பின்தொடர்ந்தால் போதும் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் கண் அசைவு என்பது எட்டுக் கட்டங்கள் கொண்ட ஒரு சிகிச்சையில் இடையில் வந்து சேரும் ஒரு கருவி மட்டுமே. அதற்கு முன்னால் நடக்கும் தயாரிப்பும், அமர்வை முடித்து வைக்கும் முறையும்தான் நோயாளியைக் காக்கின்றன. அவை இல்லாமல், தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து, வாழ்வின் மிகக் கொடிய நினைவைக் கிளறிவிட்டால், அது பொங்கி எழும்போது தாங்கிப் பிடிக்க அருகில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே நினைவைத் தொடும் வேலையைப் பயிற்சி பெற்றவருடன் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டில் நீங்களே செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. அவற்றை உரிய இடத்தில் விளக்குகிறேன்.

இந்தச் சிகிச்சை எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது

அமெரிக்க உளவியலாளர் பிரான்சின் ஷப்பிரோ 1987-இல் கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம்மை வருத்திய எண்ணங்கள் எழும் நேரத்தில் தம் கண்கள் தாமாகவே விரைந்து அசைவதையும், அதன்பின் அந்த எண்ணங்களின் வேகம் தணிவதையும் கவனித்ததாகக் கூறினார். அதை ஒரு முறையாக வகுத்து, மனக்காயத்தால் துன்புற்ற 22 பேரிடம் சோதித்து, 1989-இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். தொடக்கத்தில் இதைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் ஏராளம். பல நாடுகளில் ஆய்வுகள் நடந்த பிறகே நிலைமை மாறியது. உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநெருக்கடி நோய் உள்ள பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்த உளவியல் சிகிச்சைகளில் இதுவும் ஒன்று. பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பும் 2018-இல் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் போர்க்களத்தில் ஏற்பட்ட மனக்காயங்களுக்கு அந்தப் பரிந்துரையை அது நீட்டிக்கவில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையோ, 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் படைவீரர்களுக்கும் இதை ஏற்கிறது.

கண்ணை அசைப்பதால் நினைவு ஏன் தணிய வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை முடிந்த முடிவான விடை கிடையாது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த விளக்கம் ஒன்றே எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. மனம் ஒரே நேரத்தில் கையாளக்கூடிய வேலையின் அளவு மிகக் குறைவு. ஒரு காட்சியை நினைவில் நிறுத்திக்கொண்டே நகரும் விரலையும் பின்தொடர வேண்டியிருக்கும்போது, இரண்டுக்கும் முழு இடம் கிடைப்பதில்லை. அதனால் காட்சி மங்குகிறது, அதோடு ஒட்டியிருந்த உணர்ச்சியின் கூர்மையும் குறைகிறது; அப்படி மங்கிய நிலையிலேயே அந்த நினைவு மீண்டும் சேமிக்கப்படுகிறது. தென் கொரிய ஆய்வாளர்கள் 2019-இல் சுண்டெலிகளுக்கு இடமும் வலமும் மாறி மாறி ஒளி காட்டி, அவற்றின் அச்ச எதிர்வினை நீண்ட காலத்துக்குக் குறைவதையும், அதில் பங்குபெறும் மூளைப் பாதையையும் காட்டினார்கள். மறுபக்கத்தில், கண் அசைவே தேவையில்லை, நினைவைப் பாதுகாப்பான சூழலில் எதிர்கொள்வதுதான் குணப்படுத்துகிறது என்று வாதிடுவோரும் உண்டு. பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2001-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அவர்கள் பக்கமும், 2013-இல் வந்த இன்னொன்று கண் அசைவின் பக்கமும் நிற்கின்றன. நோயாளியின் பார்வையில் இந்த விவாதம் பெரிய தடையல்ல, ஏனென்றால் சிகிச்சை முழுமையாகச் செய்யப்படும்போது பலன் தருகிறது என்பதில் இரு தரப்புக்கும் இடையே பெரிய பிணக்கு இல்லை.

இது மனோவசியம் அல்ல. நீங்கள் முழு விழிப்போடு இருப்பீர்கள். எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம். நடந்தது மறந்துபோவதும் இல்லை. நினைவு இருக்கும், அது உங்களைப் பிடித்து ஆட்டுவது நிற்கும்.

உங்களுக்கு ஏற்றதா என்று பார்ப்பது

ஒரு மாதத்துக்கும் மேலாகச் சம்பவம் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்ப்பது, எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து உடல் விறைத்திருப்பது, தூக்கம் கெடுவது, 'எல்லாம் என் தவறு' என்பது போன்ற எண்ணம் ஒட்டிக்கொண்டு விலகாமல் இருப்பது ஆகியவை சேர்ந்து காணப்பட்டால், மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பார்த்து நோயைக் கண்டறிந்துகொள்வது முதல் படி. சம்பவம் நடந்த முதல் சில நாட்களில் அவசரப்பட வேண்டாம். அப்போது தேவைப்படுபவை பாதுகாப்பு, உணவு, உறக்கம், நம்பகமானவர்களின் அருகாமை ஆகியவையே. நடந்ததை உடனே முழுவதும் கொட்டிவிடுமாறு வற்புறுத்துவது உதவாது என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

சில நிலைகளில் இந்தச் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ கூடுதல் கவனத்தோடு தொடங்கவோ வேண்டியிருக்கும். வன்முறை இன்னும் தொடர்ந்துகொண்டிருந்தால், அதாவது அடிக்கும் கணவரின் வீட்டுக்கே ஒவ்வோர் அமர்வுக்குப் பிறகும் திரும்ப வேண்டியிருந்தால், முதலில் தேவைப்படுவது பாதுகாப்பான இடம். உடல் ஆபத்தை உணர்ந்து விறைத்திருப்பது அங்கே நோய் அல்ல, தற்காப்பு. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர்கள், மதுவிலோ போதைப் பொருளிலோ மூழ்கியிருப்பவர்கள், அடிக்கடி நேரமும் இடமும் தவறிப்போய், தாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத நிலைக்குச் செல்பவர்கள் ஆகியோருக்குத் தயாரிப்புக் கட்டம் நீளும். சிலருக்கு அது மாதக்கணக்கிலும் ஆகலாம். வலிப்பு நோய், கண் அறுவை, கண் வலி, கர்ப்பம், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பலரும் யோசிக்காத இன்னொன்று, நீதிமன்றம். உங்கள் வழக்கில் நீங்களே சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், சிகிச்சைக்குப் பின் காட்சி மங்குவதும் உணர்ச்சி தணிவதும் சாட்சியத்தைப் பாதிக்கக்கூடும். குறுக்கு விசாரணையில் அதை எதிர்த்தரப்பு பயன்படுத்தவும் முடியும். வாக்குமூலம் ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்பதை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்டு, சிகிச்சையாளரிடமும் வழக்கைப் பற்றிச் சொல்லிவிட்டு, இரண்டையும் கணக்கில் எடுத்துத் தொடங்கும் நாளை முடிவு செய்யுங்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும் நம் சூழலில், தீர்ப்பு வரும்வரை வலியோடு காத்திருங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தொடங்குவதும் சரியல்ல.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுப்பது

இந்தச் சிகிச்சைக்கான பயிற்சி, ஏற்கெனவே மனநலத் துறையில் தகுதி பெற்றவர்களுக்கு மேற்படிப்பாகத் தரப்படுவது. ஒருநாள் பயிலரங்கில் கற்றுக்கொண்டு உடனே தொடங்கிவிடக்கூடிய ஒன்றல்ல அது. வகுப்பு, ஒருவர் மீது ஒருவர் செய்து பார்க்கும் பயிற்சி, பின்னர் மூத்த சிகிச்சையாளரின் மேற்பார்வை ஆகிய மூன்றும் அதில் அடங்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவருடைய அடிப்படைத் தகுதி என்ன என்பது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. தகுதி உடையவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்து, இ.எம்.டி.ஆர். பயிற்சியை எந்த அமைப்பிடம் பெற்றார், எல்லாப் பகுதிகளையும் முடித்தாரா, உங்களைப் போன்ற பாதிப்பு உள்ளவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள்.

மொழி மிக முக்கியம். அதிர்ச்சியின் நினைவு எந்த மொழியில் நிகழ்ந்ததோ அந்த மொழியில்தான் எழும்பி வரும். 'நான் ஒதுங்கியிருக்கணும்' என்று உள்ளுக்குள் தமிழில் ஒலிக்கும் எண்ணத்தை ஆங்கிலத்துக்கு மாற்றிச் சொல்லும்போதே அதன் சூடு பாதி ஆறிவிடுகிறது. தமிழ் தெரிந்தவர் கிடைத்தால் அவரையே தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால், கண் அசைவு நடக்கும்போது தமிழிலேயே எண்ணவும் முணுமுணுக்கவும் அனுமதி கேளுங்கள்.

முதல் சந்திப்பிலேயே கண் அசைவைத் தொடங்க முன்வருபவர், 'ஒரே அமர்வில் குணம்' என்று உறுதி கூறுபவர், நிறுத்தச் சொன்னாலும் தொடர்பவர், கண் அசைவுக்குப் பதிலாக உங்கள் உடலைத் தட்டும் முறையைச் சம்மதம் கேட்காமல் பயன்படுத்துபவர் ஆகியோரிடம் இருந்து விலகிவிடுங்கள். நீங்கள் சொல்வதை இரகசியமாகக் காப்பது அவர்கள் காட்டும் சலுகை அல்ல, இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை. கட்டணம், ஓர் அமர்வின் நேரம், பாதியில் விட நேர்ந்தால் என்ன செய்வது ஆகியவற்றை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வழக்கமாக ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம் வரை நீளும். பிரிட்டனின் வழிகாட்டுதல் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் என்கிறது. பல அதிர்ச்சிகளைச் சந்தித்தவர்களுக்கு அதற்கும் மேல் தேவைப்படும்.

யாரை அணுகுவது என்றே தெரியாத நிலையில், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணையும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் எல்லா இடங்களிலும் இந்தச் சிகிச்சை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் நோயைக் கண்டறிந்து வழிகாட்ட அது நல்ல நுழைவாயில்.

கண் அசைவுக்கு முந்தைய அமர்வுகள்

முதல் ஓரிரு அமர்வுகள் வாழ்க்கை வரலாற்றைக் கேட்பதிலேயே கழியும். எந்த நினைவை முதலில் எடுப்பது, அதோடு தொடர்புள்ள பழைய நினைவுகள் எவை, இன்று எவை அதைத் தூண்டுகின்றன, நாளை எந்தச் சூழலை நீங்கள் அஞ்சாமல் சந்திக்க விரும்புகிறீர்கள் என்று இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் வைத்துத் திட்டம் வகுக்கப்படும். இங்கே விவரமாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 'பதினோரு வயதில், உறவினர் வீட்டில்' என்ற அளவுக்குத் தலைப்பு மட்டும் சொன்னாலும் போதும். வாய்விட்டுச் சொல்ல முடியாத அவமானத்தைச் சுமப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை செய்யும் பெரிய உதவியே இதுதான் என்று நான் கருதுகிறேன். சம்பவத்தை விரிவாக விவரிப்பதும், வீட்டுப்பாடமாக அதைத் திரும்பத் திரும்ப எழுதுவதும் இதில் அவசியம் இல்லை.

அடுத்து வருவது தயாரிப்பு. அமைதியான ஓர் இடத்தை மனத்தில் உருவாக்கிக்கொள்ளக் கற்றுத்தருவார்கள். அதை நீங்கள் வீட்டிலும் பழகலாம், பழகவும் வேண்டும். உண்மையான இடமோ கற்பனையான இடமோ, எதுவாகவும் இருக்கலாம். கோயில் பிராகாரத்தில் உச்சிவேளைக்குப் பின் குளிர்ந்துகிடக்கும் கல்தரை என்று வைத்துக்கொண்டால், உள்ளங்காலில் அந்தக் குளிர்ச்சி, தூணில் சாய்ந்த முதுகு, புறாக்களின் சிறகோசை, விபூதி வாசனை என்று ஒவ்வொரு புலனாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். பின் அந்த இடத்துக்கு ஒரே ஒரு சொல்லைச் சூட்டி, அந்தச் சொல்லை நினைத்த மாத்திரத்தில் உடல் தளரும்வரை பழகுங்கள். இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. உங்களைக் காயப்படுத்தியவரின் நிழல் படிந்த வீடு வேண்டாம். இறந்துபோன ஒருவரின் நினைவு கலந்த இடமும் வேண்டாம், ஏனென்றால் அமைதி சட்டென்று துக்கமாக மாறிவிடும். பயிற்சி நூல்களில் அதிகம் வரும் கடற்கரைக் காட்சி, 2004 சுனாமியில் இருந்து தப்பிய நாகப்பட்டினத்துக்காரருக்கோ முல்லைத்தீவுக்காரருக்கோ பொருந்தாது. சிகிச்சையாளர் கடற்கரையைச் சொன்னால், எனக்கு வேறு இடம் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

பெட்டிப் பயிற்சியும் இக்கட்டத்தில் வரும். உறுதியான ஒரு பெட்டியைக் கற்பனை செய்து, அது இரும்பா மரமா, பூட்டு எப்படிப்பட்டது என்று பார்த்து, இப்போது கையாள முடியாத நினைவுகளை அடுத்த அமர்வு வரை அதற்குள் வைத்துப் பூட்டுவது அது. நினைவை அழிப்பது அதன் நோக்கம் அல்ல, உரிய நேரம் வரும்வரை ஒத்திவைப்பது மட்டுமே. இவற்றோடு மெல்ல மூச்சை வெளிவிடுவது, அறையில் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்வது, பாதங்களைத் தரையில் அழுத்துவது போன்றவையும் கற்பிக்கப்படும். மெக்சிகோவில் 1997-இல் பாலின் புயல் அகாபுல்கோவைத் தாக்கிய பின் அங்கே தப்பிப் பிழைத்தவர்களுடன் பணியாற்றியபோது லுசினா ஆர்ட்டிகாசும் இக்னாசியோ ஹரேரோவும் உருவாக்கிய வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்ற முறையும் உண்டு. கைகளை மார்பின் குறுக்கே வைத்து, விரல் நுனிகள் காறை எலும்புக்குக் (கழுத்தடி எலும்புக்குக்) கீழே படும்படி, இடமும் வலமும் மாறி மாறி மெதுவாகத் தட்டிக்கொள்வது அது. அமைதியான இடத்தை நினைத்துக்கொண்டு வீட்டில் சில தட்டல்களோடு செய்து பார்க்கலாம். கொடிய நினைவை எடுத்துக்கொண்டு தனியாகச் செய்ய வேண்டாம்.

நிறுத்துவதற்கான சைகையையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கையை உயர்த்துவதே சைகை. அதை ஒருமுறை வேண்டுமென்றே பயன்படுத்திப் பார்த்து, சிகிச்சையாளர் உடனே நிறுத்துகிறாரா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. கட்டுப்பாடு முழுவதும் பறிபோன ஓர் அனுபவத்துக்குப் பின், கை உயர்ந்ததும் எல்லாம் நிற்கிறது என்பதே ஒரு மருந்து.

கண் அசைவு நடக்கும் அமர்வு

பலருடைய அனுபவங்களில் பொதுவாகக் காணப்படும் கூறுகளைக் கொண்டு ஓர் உதாரணத்தை அமைத்துப் பார்ப்போம். கணவரோடு ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து சென்ற ஒரு பெண். இரவில் லாரி மோதியதில் கணவரின் கால் முறிந்தது. அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். இவருக்கோ லாரியின் ஹாரன் கேட்டால் உடல் உறைந்துபோகிறது; அந்தச் சாலை வழியாகப் பேருந்தில்கூடப் போக முடியவில்லை.

சிகிச்சையாளர் முதலில் சில கேள்விகள் கேட்பார். அந்த நினைவில் மிக மோசமான காட்சி எது? முகத்தில் அடித்த லாரியின் விளக்கு. அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? 'என் தவறு, நான்தான் சீக்கிரம் போகச் சொன்னேன்.' அதற்கு மாறாக எதை நம்ப விரும்புகிறீர்கள்? 'என்னால் முடிந்ததைத்தான் செய்தேன்.' 1 முதல் 7 வரையிலான அளவில், அந்த இரண்டாவது வாக்கியம் இந்த நொடியில் எவ்வளவு உண்மையாகத் தோன்றுகிறது? 2. எழும் உணர்ச்சி என்ன? பயமும் குற்ற உணர்வும். 0 முதல் 10 வரை, இப்போது எவ்வளவு தொந்தரவு? 8. உடலில் எங்கே உணர்கிறீர்கள்? நெஞ்சுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே ஓர் இறுக்கம். இந்த எண்களைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று கவலைப்பட வேண்டாம். மனத்தில் முதலில் தோன்றுவதைச் சொன்னால் போதும்.

சிகிச்சையாளர் நேர் எதிரே அமராமல் சற்று விலகிப் பக்கவாட்டில் அமர்ந்து, இரண்டு விரல்களை உங்கள் முகத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 35 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்துவார். தூரமும் வேகமும் உங்களுக்கு வசதியாக இருக்கிறதா என்று முதலில் சோதித்துக்கொள்வார். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அதைக் கழற்றிவிடுவது நல்லது. தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் விரல்களைப் பின்தொடர வேண்டும். போய்வருவதை ஒன்று என்று கொண்டால் சுமார் 24 முறை, ஏறத்தாழ அரை நிமிடம் ஒரு சுற்று, அதன்பின் சிகிச்சையாளர் கையைத் தாழ்த்தி, "மூச்சை இழுத்து விடுங்க. இப்ப என்ன வருது?" என்பார். ஒரு வரியில் சொன்னால் போதும். "அதோட தொடருங்க" என்று மீண்டும் விரல் அசையும். கண் வலித்தாலோ பார்வை கோளாறு இருந்தாலோ, கையில் பிடிக்கும் அதிர்வுக் கருவி, காதுகளில் மாறி மாறி ஒலிக்கும் ஓசை, முழங்காலில் தட்டுதல் ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்தலாம். காணொளி வழி அமர்வில் வண்ணத்துப்பூச்சி அணைப்பு பெரும்பாலும் இவற்றின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பெண்ணுக்கு முதல் சுற்றில் விளக்கு வெளிச்சம் இன்னும் பெரிதாகிறது. அடுத்ததில் டயர் கருகிய வாசனை. அதற்கடுத்து, தன்னைத் தூக்கிய யாரோ ஒருவரின் கை. பிறகு சம்பந்தமே இல்லாமல், சிறுவயதில் தம்பி கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது 'நீ பார்த்துக்கொள்ளவில்லையே' என்று அம்மா திட்டியது. இப்படிப் பழைய நினைவு ஒன்று குறுக்கே வருவது இந்தச் சிகிச்சையில் சாதாரணம். அதைத் தள்ளிவிடாமல் வரவிட வேண்டும். குற்ற உணர்வின் வேர் லாரிக்கு முன்னாலேயே ஊன்றியிருந்தது என்பது இங்கேதான் தெரியவருகிறது. சில சுற்றுகள் கழித்து அழுகை வருகிறது. அதன்பின் அவர் சொல்கிறார்: "அவர் உயிரோடதான் இருக்காரு. லாரி தப்பான பக்கம் வந்துச்சு." இதை அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முன்பு உறவினர்கள் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னபோது உள்ளே இறங்காத அதே செய்தி, இப்போது அவருக்குள்ளிருந்தே எழுகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளிக்காட்சிகள் ஓடுவதைப் பார்ப்பது போல, வருவதைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றே சிகிச்சையாளர்கள் சொல்வது வழக்கம். ஒன்றும் வரவில்லை என்றால், ஒன்றும் வரவில்லை என்றே சொல்லுங்கள். சிகிச்சையாளரைத் திருப்திப்படுத்துவதற்காக எண்ணைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். பெரியவர்கள் முன் மறுத்துப் பேசாத பழக்கத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தச் சபலம் உண்டு. அதனால் பாதி நிலையில் இருக்கும் நினைவு முடிந்ததாகக் கணக்கிடப்பட்டுவிடும்.

தொந்தரவின் அளவு 0-க்கோ அதற்கு அருகிலோ வந்த பின், விரும்பிய வாக்கியத்தை அந்த நினைவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலும் சில சுற்றுகள் நடக்கும். 2 என்று இருந்த நம்பிக்கை 7 வரை ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு தலை முதல் கால் வரை உடலைக் கவனித்து, எங்காவது இறுக்கம் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்வார்கள். ஒரே அமர்வில் இத்தனையும் முடியாமல் போவது இயல்பு. அப்போது பெட்டியையும் அமைதியான இடத்தையும் கொண்டு மனத்தை நிலைப்படுத்திய பின்பே உங்களை அனுப்ப வேண்டும். நேரம் முடிந்தது என்று, கண்ணீரோடு நடுங்கும் நிலையில் வாசலில் விடுவது முறையான சிகிச்சை அல்ல.

வீடு திரும்பிய பின்

முதல் சில அமர்வுகளுக்குப் பின் நீங்களே இருசக்கர வாகனம் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம். துணைக்கு ஒருவரை வரச் சொல்லுங்கள். அன்று மாலை களைப்பும் தலைபாரமும் இருக்கலாம், இரவில் கனவுகள் தெளிவாக வரலாம், மறந்திருந்த துண்டு நினைவுகள் தலைகாட்டலாம். அமர்வு முடிந்த பின்னும் மனம் தன் வேலையைத் தொடர்கிறது என்பதன் அடையாளங்கள் அவை. பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். தணியாமல் ஏறிக்கொண்டே போனாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, அடுத்த அமர்வு வரை காத்திருக்காமல் உடனே சிகிச்சையாளரையோ மேலே சொன்ன உதவி எண்களையோ அழையுங்கள்.

ஒரு சிறு நோட்டில் குறிப்பு எழுதுவது உதவும். தூண்டியது, தோன்றிய காட்சி, உணர்ச்சி, உடலில் இடம், 0 முதல் 10 வரையிலான எண், இவ்வளவு போதும். 'செவ்வாய், சந்தையில் ஹாரன், விளக்கு, பயம், வயிறு, 4' என்பது முழுமையான குறிப்பு. நீண்ட விவரம் எழுத உட்கார்ந்தால் நினைவுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், ஆகவே ஒரு வரியோடு நிறுத்தி, அமைதியான இடத்தைச் சற்று நேரம் பழகிவிட்டு நோட்டை மூடிவையுங்கள். அடுத்த அமர்வு இந்தக் குறிப்பில் இருந்தே தொடங்கும். குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: 'உள்ளே என்ன பேசினாய்' என்று துருவ வேண்டாம். சாப்பாடு எடுத்துவைத்து, அன்றைய வீட்டு வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டு, பேச விரும்பினால் கேட்கக் காத்திருப்பதே பெரிய துணை.

சில அமர்வுகள் சென்றும் எண்கள் அசையவே இல்லை என்றால் அதை வெளிப்படையாகப் பேசுங்கள். தேர்ந்தெடுத்த நினைவுக்கு அடியில் இன்னும் பழையது ஒன்று இருக்கலாம், விரலின் வேகம் பொருந்தாமல் இருக்கலாம், அல்லது இந்த முறையே உங்களுக்கு ஒத்துவராமல் இருக்கலாம். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கும் இணையான ஆய்வு ஆதாரம் உண்டு. வாழ்க்கைக் கதையைத் தொடக்கம் முதல் வரிசையாகச் சொல்லிப் பதிவு செய்யும் முறையை, போரும் சுனாமியும் அடுத்தடுத்துத் தாக்கிய வடகிழக்கு இலங்கையில் குழந்தைகளிடமே பயன்படுத்திப் பலன் கண்டிருக்கிறார்கள். சிகிச்சையை மாற்றிக்கொள்வது உங்கள் தோல்வி ஆகாது.

கடைசிக் கட்டத்தில் எதிர்காலம் வரும். நம் உதாரணத்தில் உள்ள பெண், அந்தச் சாலையில் மீண்டும் ஸ்கூட்டரில் போவதைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரு படம் போல மனத்தில் ஓட்டிப் பார்ப்பார். எங்கே உடல் இறுகுகிறதோ அங்கே நிறுத்தி மீண்டும் ஒரு சுற்று. அதன்பின் உண்மையிலேயே போய் வந்து, என்ன நடந்தது என்று அடுத்த அமர்வில் சொல்வார். பழைய நினைவுகள் அமைதியடைந்து, அன்றாடத் தூண்டல்கள் பலம் இழந்து, தவிர்த்துவந்த இடங்களுக்குப் போய்வர முடிகிறது என்ற மூன்றும் சேரும்போது சிகிச்சையை முடிக்கலாம். சம்பவம் நடந்த தேதி ஆண்டுதோறும் வரும்போதோ, அதே போன்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போதோ சில நாட்கள் மனம் கலங்கினால், எல்லாம் பாழாகிவிட்டது என்று பொருள் அல்ல. கற்றுக்கொண்ட பயிற்சிகளை மீண்டும் செய்து பாருங்கள். போதவில்லை என்றால் அதே சிகிச்சையாளரிடம் ஓரிரு அமர்வுகளுக்கு நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாய்ப்பு உண்டா என்பதை முடிக்கும் நாளிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.